கண்ணைக் கட்டிக்கொண்டு நீ பார்த்த கச்சேரி

எதிர்வீட்டில் நாளை மஞ்சள் நீராட்டு விழா. சாயங்காலம் பந்தல் போட்டு முடித்ததும் லைட்காரர் வந்து சோதித்துப் பார்த்தார். வெள்ளை விளக்கு ஒன்று படபடவென்று வெட்டி வெட்டி எரிந்தது. எங்கள் வீட்டு முன்சுவர் முழுக்க அந்த வெளிச்சம் அடித்து அடித்து மறைந்தது. நான் வாசலில் நின்று காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். என் இடது கை தானாக எழுந்து, பக்கத்தில் நிற்கும் ஆளின் கண்ணை மறைக்கப் போனது. பக்கத்தில் யாரும் இல்லை. கொடிக்கம்பிதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "இன்னா, கொசுவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. கைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நாம் பழகியதே வெளிச்சத்தால்தான். காலேஜ் முதல் வருஷம், பாகூரிலிருந்து வில்லியனூர் வழியாகப் பாண்டிக்குப் போகும் பஸ். நீ செலியமேட்டிலிருந்து வருவாய். நான் உறுவையாற்றில் ஏறுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வரும் பெண், அவ்வளவுதான் எனக்கு உன்னைத் தெரியும். கண்வலி என்று நினைத்தேன். தினமுமா கண்வலி? ஒருநாள் உன் பக்கத்தில் இடம் கிடைத்தபோது கேட்டுவிட்டேன்.

"வெயில் வெட்டுது," என்றாய்.

சாலையோர மரங்களுக்கு நடுவே காலை வெயில் பளிச் பளிச்சென்று உன் முகத்தில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

"அப்ப இந்தப் பக்கம் ஒக்காரலாம் இல்ல?"

"காத்து வோணுமே," என்று சிரித்தாய்.

கொஞ்ச நாளில் காரணம் புரிந்தது. வில்லியனூர் ஸ்டாண்டில் பஸ் நின்றிருந்தபோது, பேசிக்கொண்டே இருந்தவள் பாதி வார்த்தையில் நின்றாய். கண் ஒரு பக்கமாகப் போனது. அப்படியே சரிந்தாய். யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தை உன் கையில் திணித்தார்கள். யாரோ உன் வாயைத் திறக்கப் பார்த்தார்கள். நான் ஒன்றும் தெரியாமல் உன் தலையை மடியில் பிடித்துக்கொண்டு அழுதேன். அடங்கியதும் நீ முதலில் கேட்டது, "பொடவ கட்டினு வந்தனா, சுடிதாரா?" என்பது. துணி விலகியதா என்ற கவலை உனக்கு. சுடிதார்தான் என்றேன். மூச்சு விட்டாய். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "யாருகிட்டயும் சொல்லாதடி, ஸ்டெல்லா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துரும்."

உன் வலிப்பு பற்றி உன் அம்மாவுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால்தான் செத்துவிடுவார். அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

உங்கள் வீட்டில் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அடுப்புப் பக்கம் உன்னை விடமாட்டார்கள். ஏரிக்கரைக்கு நீ தனியாகப் போகக்கூடாது, சைக்கிள் கூடாது, மாடிப்படி கூடாது. உன் அம்மா கத்திரிக்காய் நறுக்கும்போதும் ஒரு கண் உன்மேல் இருக்கும். ராத்திரி உன் பக்கத்தில் பாய் போட்டு, உன் கைமேல் கையை வைத்துக்கொண்டு படுப்பார். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் கேட்டால், "பாப்பாவுக்கு ரத்தம் கம்மி" என்பார். உனக்கு இருபத்தைந்து வயதிலும் நீ அவருக்குப் பாப்பாதான்.

படித்து முடித்து, இருவரும் வில்லியனூர் பக்கம் அந்த மாட்டுத்தீவனக் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தோம். அங்கேதான் உன் இயர்போனின் ஒரு பக்கத்தை வாங்கி நான் முதல்முதலாகக் கேட்டேன். டும் டும் டும் என்று ஒரே அடி. அதன்மேல் மெல்ல ஒரு சத்தம் ஏறியது. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். முடிந்தே போனது.

"இதுல பாட்டே இல்லியேடி," என்றேன்.

"அதான் வோணும்," என்றாய். "மாத்திர போட்டதுலேர்ந்து எனக்கு வார்த்த நிக்க மாட்டேங்குது. நேத்து கடையில போயி புளின்னு சொல்ல வரல. நின்னுக்கினே இருந்தேன். பாட்டு கேட்டா, அடுத்த வரி மறந்துபோச்சேன்னு அழுவ வரும். இதுல வார்த்தயே இல்ல. மறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் அதற்குமேல் கேலி செய்யவில்லை.

ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒரு டிஜேதான் உனக்குப் பிடித்தவர். அவருடைய பெயர் வாயில் நுழையாததால், பகலில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்து நீயே 'நெட்டையன்' என்று பெயர் வைத்தாய். அவர் மேடையில் வாசிக்கும் வீடியோக்கள் ஆயிரம் இருந்தன. ஒன்றையும் நீ பார்த்ததில்லை. எல்லாம் விளக்கு வெட்டும் வீடியோக்கள். உன் தலையில் ஒயர் மாட்டி, கண்ணெதிரே விளக்கை மினுக்கிச் சோதித்தபோதே டாக்டர் சொல்லிவிட்டார், இந்தப் பெண்ணுக்கு மினுக்கும் வெளிச்சம் ஆகாது என்று. ஆகவே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பாய். கூட்டம் எழுப்பும் கூச்சலை வைத்தே, இப்போது கையைத் தூக்கினான், இப்போது நிறுத்தினான் என்று சொல்வாய். நான் திருட்டுத்தனமாகத் திரையைப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது நீ சொன்னது எனக்கு அந்த இசையையே வேறாக்கிவிட்டது. அடி குறைந்து, சத்தம் மட்டும் ஏறி ஏறி உச்சிக்குப் போகுமே, பிறகு ஒரு கணம் எல்லாம் நின்று மொத்தமாக இறங்குமே, அந்த இடம்.

"எனக்கு வர்றதுக்கு முன்னாடி ஒடம்புல இப்டித்தான் ஏறும்," என்றாய். "வயித்துலேர்ந்து மேல வரும். ஐயோ வருது வருதுன்னு தெரியும். அப்பால ஒண்ணும் தெரியாது. முழிச்சா தரையில கெடப்பேன். இதுல பாரு, அதே மாரிதான் ஏறுது. ஆனா கடைசில எல்லாரும் குதிக்கிறாங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாய்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. நெட்டையன் இந்தியாவுக்கு வருகிறார். பெரிய ஊர்களை முடித்துவிட்டு, கடைசியாகச் சின்னதாக ஒரு நிகழ்ச்சி, மணப்பட்டுப் பக்கம், கடலோரச் சவுக்குத் தோப்பில். உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம். நீ அந்தச் செய்தியை எனக்குக் காட்டவில்லை. உன் மேசையில் போன் திறந்து கிடந்ததால் நான் பார்த்தேன்.

"சொல்லவே இல்ல?"

"சொல்லி? பக்கத்துல வந்துட்டு போறான்னு தெரிஞ்சிக்கினா போதும்."

போதாது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் வந்தேன். உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அம்மா முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வேணாம்னு சொல்லிட்டா எனக்கு ஈஸி," என்றார். "போங்கன்னு நான் சொல்லல. ஆனா போறதா இருந்தா, முன்னாடி நாள் நல்லா தூங்கணும். மாத்திரை ஒண்ணு விடக்கூடாது. வெயில்ல தண்ணி குடிக்கணும். பகல்ல பாக்கலாம். லைட் ஆரம்பிச்சா கெட்டித் துணியில ரெண்டு கண்ணையும் கட்டிடணும். சும்மா மூடினா பத்தாது, இமை வழியா வெளிச்சம் போகும். ஏறுற மாதிரி இருந்தா உடனே ஓரமா உக்காரணும்." பிறகு என்னைப் பார்த்து, விழுந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, எவ்வளவு நேரத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். உன்னையே தரையில் படுக்கவைத்து என்னைச் செய்து காட்டச் சொன்னார். நீ சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாய்.

உன் அம்மாவிடம் சொன்னதுதான் பெரிய பாடு. அப்போதுதான் கரியமாணிக்கத்திலிருந்து உனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. "இந்த நேரத்துல ஆட்டம் பாட்டமா?" என்று அம்மா குதித்தார். உன் அப்பா கரும்புத் தோகையை உதறிக்கொண்டே வாசலிலிருந்து, "போய்ட்டு வரட்டும் வுடுடி. இன்னா அமெரிக்காவா போவுது?" என்றார். அதன்பின் அம்மா என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார்.

"ஸ்டெல்லா, நீ கோயிலுக்குப் போற பொண்ணு. பொய் சொல்ல மாட்ட. எம் பொண்ண முழுசா இட்டுக்கினு வருவியா?"

வருவேன் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. "பக்கத்துலயே நிப்பேம்மா," என்றேன். அது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்துபோய்க் கறுப்புத் துப்பட்டா ஒன்றை எடுத்துவந்து நான்காக மடித்தார். முதலில் தன் கண்ணில்தான் கட்டிப் பார்த்தார். உன் அப்பாவை டார்ச் அடிக்கச் சொன்னார். "தெர்ல, தெர்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்து வாசக்காலில் முட்டிக்கொண்டார். நாம் மூவரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் கூடவே வருவேன், வெளியே உட்கார்ந்திருப்பேன் என்றார்.

நுழைவாயிலில் நடந்ததை நீ பிறகு எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறாய். அப்போது யாரும் சிரிக்கவில்லை. காவலுக்கு நின்ற ஆள் உன் பையைத் துழாவி மாத்திரை அட்டையை வெளியே எடுத்தார். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் மாத்திரை என்றால் அவர்களுக்குப் போதை மாத்திரை என்றுதான் அர்த்தம். "இன்னா மாத்திர இது? ஓரமா வா," என்றார். நமக்குப் பின்னால் நீண்ட வரிசை. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நீ பேச வாயைத் திறந்தாய். வார்த்தை வரவில்லை. எனக்கும் வரவில்லை, சொல்லக்கூடாது என்று பழகிய வாய்.

வேலிக்கு அந்தப் பக்கம் இளநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்து வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டாக்டர் சீட்டை அந்த ஆளின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எம் பொண்ணுக்கு வலிப்பு! சின்ன வயசுலேர்ந்து வலிப்பு! அதுக்கு மாத்திர! படிக்கத் தெரியுமா ஒனக்கு? அத்த அவ கையில குடு!"

தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். இத்தனை வருஷமாகப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் பூட்டி வைத்திருந்ததை, முன்பின் தெரியாத நூறு பேர் நடுவில் கத்திச் சொன்னார். அந்த ஆள் மாத்திரையைத் திருப்பிப் பையில் வைத்தார். உன் அம்மா திரும்பிப் பார்க்காமல் போய் இளநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தலையைக் குனிந்திருந்தார். நீ அவரையே பார்த்துக்கொண்டு உள்ளே நடந்தாய்.

உள்ளே இன்னும் வெயில் இருந்தது. பெரிய மேடை, ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர்கள், எதிரே வெறும் மணல். முதலில் வாசிக்க வந்தவர் சென்னைப் பெண் ஒருத்தி, நம் வயதுதான் இருக்கும். கேட்க முப்பது பேர்கூட இல்லை. அவர்களும் நிழல் தேடிச் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நீ மட்டும் நேராக நடந்துபோய் மேடைக்கு முன்னால் நின்றாய். பகல் வெளிச்சம், விளக்கு இல்லை, கண்ணைத் திறந்து பார்க்கலாம். அந்தப் பெண் ஒரு காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்திருந்ததை, அடுத்த இசையை அதில் முதலில் தான்மட்டும் கேட்டு, ஓடிக்கொண்டிருப்பதோடு அடி பிசகாமல் சேர்த்ததை, சேர்ந்த நொடியில் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டதை நீ ஒன்றுவிடாமல் பார்த்தாய். நீ கண்ணால் பார்த்த ஒரே டிஜே அவர்தான்.

இறங்கி வந்தபோது அவரிடம் போய், "அக்கா, சூப்பரா இருந்துச்சு," என்றாய்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "யாருமே இல்லையேம்மா," என்றார்.

"நா இருந்தனே," என்றாய்.

அவர் உன்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

இருட்டத் தொடங்கியதும் விளக்குகள் விழித்தன. நான் உன் கண்ணைக் கட்டினேன். கூட்டம் நிறைந்துவிட்டது. பின்னால், மரங்களை ஒட்டி, விழுந்தால் படுக்கவைக்க இடம் இருக்கும்படி பார்த்து நின்றோம். நெட்டையன் வந்தார். உன் காதில் வாயை வைத்து நான் சொல்ல ஆரம்பித்தேன்: "கறுப்புச் சட்ட போட்டுக்கினு இருக்காரு. நெஜமாவே நெட்ட. கையத் தூக்கறாரு. நீலம் வருது. இப்ப மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ள வெள்ளையா வெட்டுது..."

நீ கொஞ்ச நேரம் கேட்டாய். பிறகு என் தோளைத் தட்டினாய்.

"போதும்டி. நீ பாரு. நா கேக்கறேன். ரெண்டு பேரும் எதுக்கு ஒரே வேலைய செய்யணும்?"

போனில் கேட்பதற்கும் அங்கே நிற்பதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காதுக்கு வருவதற்கு முன்னால் காலுக்கு வந்தது. மணல் அதிர்ந்தது. விலா எலும்புக்குள் யாரோ தட்டுவதுபோல இருந்தது. மேடையில் அவர் பொத்தானைத் திருகுகிறார், அவ்வளவுதானே என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். உனக்குத் தோன்றவில்லை. ஓர் இடத்தில் சத்தம் ஏறத் தொடங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்தாய். "ரெக்கார்டுல இவ்ளோ நேரம் இல்லடி. இழுக்கறான். கூட்டத்த பாத்துக்கினு இருக்கான், இன்னும் கொஞ்சம் தாங்குவாங்களான்னு பாக்கறான்." நான் மேடையைப் பார்த்தேன். உண்மைதான். குனிந்தே இருந்த மனிதர் நிமிர்ந்து நம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் ஏறியது. உன் விரல்கள் என் கையில் பதிந்தன. உனக்கு வரப்போகிறதோ என்று, படுக்கவைக்கப் பார்த்து வைத்த இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கியது. மொத்தத் தோப்பும் குதித்தது. நீயும் குதித்தாய். என் கையை உதறிவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, கறுப்புத் துணி கட்டிய முகம் வானத்தைப் பார்க்க, குதித்தாய். கோணல்மாணலாக, அடிக்குச் சேராமல், யார்மேலோ இடித்துக்கொண்டு ஆடினாய். நீ ஆடி நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீடுகளில்கூடச் சுவரோரம்தான் உட்கார்ந்திருப்பாய்.

நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாய்: "பொறந்ததுலேர்ந்து யார்னா என்னிய பாத்துக்கினே இருந்தாங்கடி. இன்னிக்கித்தான் யாருமே பாக்கல."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை உன்னிடம் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது உன் அம்மா அதே பெஞ்சில் இருந்தார். "பெஞ்சியே அதிருது. காது அடைச்சிப்போச்சி. இத்தயா இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்த?" என்று திட்டிக்கொண்டே உன் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தார். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ஒன்றுமே ஆகவில்லை.

ஆனது அடுத்த வாரம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் பெண் என்று யாரோ உன்னைப் போனில் எடுத்திருக்கிறார்கள். அது வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றிக் கரியமாணிக்கத்துக்கும் போய்விட்டது. பையனும் அவருடைய அத்தையும் கிளம்பி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நானும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். அத்தை போனை நீட்டினார்.

"இன்னா ஆட்டம் இது? அதும் கண்ண கட்டிக்கினு?"

உன் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது போட்டிங்க," என்றார். "கண்ண கட்டிக்கினு ஆடற போட்டி. கம்பெனில வெச்சாங்க. ஸ்டெல்லாகூட ஆடுச்சு."

நான் தரையைப் பார்த்தேன். அத்தை பாதி நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். காபி டம்ளரைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் நீ உள்ளறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாய்.

"போட்டி இல்லீங்க. எனக்கு வலிப்பு இருக்குது. மினுக்குற லைட்ட பாத்தா வரும். அதனாலதான் கட்டிக்கினேன். மாத்திர சாப்புடறேன். அம்மா பயந்துக்கினு சொல்லல. கேட்டில அன்னிக்கி அவங்களே எல்லாருக்கும் சொன்னாங்க. இனிமே நானே சொல்லிடறேன்."

உனக்கு ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. டம்ளர் கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பையன் உன்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. அத்தை எழுந்துவிட்டார், அவரும் எழுந்தார். இரண்டு நாள் கழித்து உனக்குப் போன் செய்து, "சொன்னதுக்கு நன்றிங்க," என்றாராம். அவ்வளவுதான். கெட்டவர் இல்லை. ஆனால் திரும்பி வரவில்லை.

உன் அம்மா பல நாள் உன்னோடு பேசவில்லை. பேசாமலே சோறு போட்டார், பேசாமலே ராத்திரி உன் கைமேல் கையை வைத்துப் படுத்தார். நீ அழுதாய், ஆனால் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் மேனேஜரிடம் போய்ச் சொன்னாய். பில் செக்‌ஷனில் எல்லாரையும் நிற்கவைத்து, விழுந்தால் என்ன செய்ய வேண்டும், சாவியைத் தேடி ஓடக்கூடாது என்று பாடம் எடுத்தாய். ஒருமுறை அங்கே விழுந்தபோது லோடு ஏற்றும் அண்ணன் ஓடிவந்து தன் சட்டையைச் சுருட்டி உன் தலைக்கு வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "காத்து வுடுங்கய்யா!" என்று அதட்டினார். விழித்ததும் நீ துணியைப் பற்றிக் கேட்கவில்லை. "யாரு சட்ட இது, தீவனம் நாத்தம் நாறுது," என்றாய். பிறகு ஏரிக்கரையில் நடந்தாய். உங்கள் வீட்டுக் குளியலறைக்கு உன் அப்பாவைத் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னாய். வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்றை அவர் தேடி வாங்கி வந்தார். இரண்டு வருஷம் அப்படி இருந்தாய்.

அந்தக் காலையில் போன் வந்தபோது எதிர்முனையில் உன் அம்மா என் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வந்தபோது நீ பாயில் இருந்தாய், குப்புறத் திரும்பிய கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். தூக்கத்தில் வந்திருக்கிறது. சத்தம் எதுவும் இல்லை.

"நா தூங்கிட்டேன், ஸ்டெல்லா," என்றார் உன் அம்மா. "இத்தினி வருசம் தூங்கல. இப்ப நல்லா இருக்காளேன்னு தூங்கிட்டேன்."

டாக்டர் அம்மாவே அவரிடம் சொன்னார், விழித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாலும் சில நேரம் காப்பாற்ற முடியாது என்று. உன் அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கச்சேரிக்கு உன்னை அழைத்துப்போனவள் நான். உன்னைத் தைரியசாலி ஆக்கி, அவரைத் தூங்கவைத்ததும் அதுதானோ என்று எனக்கும் பல நாள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் செலியமேட்டுக்குப் போவேன். உன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டோம். கொல்லையில் உட்கார்ந்து கீரை ஆய்வோம்.

போன மாதம் நெட்டையன் திரும்பவும் வந்தார். அதே தோப்பு. நான் போவதாக இல்லை. உன் அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கி நா வெளியவே ஒக்காந்துட்டேன். உள்ள இன்னா இருந்துச்சின்னு பாக்கணும். என்னிய இட்டுக்கினு போ."

போனோம். நாம் நின்ற இடத்துக்கே அழைத்துப்போனேன். நீலச் சேலை, கையில் மஞ்சள் பை. சுற்றி இருந்த பிள்ளைகள் வியப்பாகப் பார்த்துவிட்டு அவருக்கு இடம் விட்டார்கள். உன் அம்மா மேடையை உற்றுப் பார்த்தார். "இன்னா பண்றான் அவன்? பட்டன திருவுறான். அதுக்கா இத்தினி பேரு?" என்றார். விளக்குகள் வெட்டின. அவர் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. அடி குறைந்தது, சத்தம் மட்டும் ஏறத் தொடங்கியது. உன் அம்மாவின் உடம்பு விறைத்தது. அவருக்கே தெரிந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக உன் முகத்தில் அது ஏறுவதைப் பார்த்தவர். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால் அகட்டி நின்றார், விழும் ஒருவரைத் தாங்கத் தயாராக நிற்பவர்போல. இடமும் வலமும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். சத்தம் உச்சிக்குப் போய் நின்றது.

இறங்கியது. எல்லாரும் குதித்தார்கள். முன்னால் இருந்தவர்கள், பக்கத்தில் இருந்தவர்கள், மேடையில் நெட்டையன், சவுக்கு மரம் வரைக்கும் எல்லாரும்.

உன் அம்மா குதிக்கவில்லை. என் கையைப் பிடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணீர் தாடை வரை வந்தும் துடைக்கவில்லை. சத்தத்துக்கு நடுவே ஏதோ கேட்டார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"யாரும் வுழல இல்ல?" என்றார்.

"இல்லம்மா. யாரும் வுழல."

ஆட்டோவில் திரும்பினோம். பாகூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "நெட்டையன் மறுபடி எப்ப வருவானாம்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வந்தா சொல்லு," என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.